இயந்திரத்தின் நெற்றி

ஓய்வு பெற்ற பிறகு வேலை என்று என்னைத் தேடி வந்த முதல் ஆள் ஒரு உப்பு மில் முதலாளி. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“மிஷினுக்குச் சட்டை மாத்தணும் சார். உள்ள எதையும் தொட வேணாம்.”

மாரியூர்ப் பக்கம் கடலோரத்தில் அவருடைய மில். உப்பளத்துக் கல்லுப்பைக் கொண்டுவந்து கழுவி, அரைத்து, பையில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிறார். அரைக்கும் இயந்திரத்தின் வெளித்தகடுகளை உப்புக் காற்று தின்றுவிட்டது. அது அவருக்கு நெடுநாளாகத் தெரியும், கவலைப்பட்டதில்லை. இப்போது உப்பு வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் மில்லைப் பார்க்க வரப்போகிறார்கள். உடனே கவலை வந்துவிட்டது.

“வெளிய பாத்தா பளிச்சுனு இருக்கணும் சார். போட்டோ எடுத்தா ஃபாரின் மிஷின்னு சொல்லணும்.”

“உள்ளே?”

“உள்ள யாரு சார் பாக்கப் போறா?”

அந்த நிமிடமே அவரை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. தொழிற்சாலை ஆய்வாளராகப் பணியில் இருந்த காலம் முழுவதும் நான் செய்தது ஒரே வேலைதான். ஆலை ஆலையாகப் போவது, இயந்திரத்தில் ஆளின் கை சிக்கக்கூடிய இடம் எது என்று கண்டுபிடிப்பது, அதை மூன்று படிகளில் எழுதி ஒன்றை முதலாளிக்கும் ஒன்றை மேலதிகாரிக்கும் கொடுத்துவிட்டு மூன்றாவதைக் கரையான் கையில் ஒப்படைப்பது. விதி எண், உட்பிரிவு, எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு இயந்திரத்தை இப்படிச் செய் என்று வரைந்து கொடுக்கும் வாய்ப்பு அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. குறை சொல்லியே வயதானவனிடம் ஒருவர் வந்து, நீயே செய்து காட்டு என்கிறார். ஆசை வந்துவிட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். இயந்திரம் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேல். உப்பைக் கொட்டும் வாய் மேலே அகலமாகத் திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு முழம் கீழே இரும்புத் திருகு சுழன்று உப்பை உள்ளே இழுக்கிறது. பக்கத்தில் இடுப்புயர மேடை. மேடையில் ஒரு பெண் நின்று உப்பைக் கொட்டுகிறார், கீழே நிற்கும் இன்னொரு பெண் சட்டி சட்டியாக எடுத்துக் கொடுக்கிறார். இருவருமே சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். சாயல்குடிக்கு உள்ளே இருக்கும் ஊரிலிருந்து வேனில் வருகிறவர்கள். மழை பொய்த்து மிளகாய்க் காட்டில் களையெடுக்கும் வேலை இல்லாமல் போனதால் உப்புக்கு வந்திருக்கிறார்கள். மேடையில் நின்றவர் மூத்தவர். கீழே நின்றவர் அவருடைய கணவரின் தங்கை.

ஈர உப்பு வாயிலேயே பாலம் கட்டியதுபோல் இறுகி நின்றுவிடும். மேடையில் நின்றவர் கையை உள்ளே விட்டு அதை உடைத்துத் தள்ளினார். திருகு சுழன்றுகொண்டிருந்தது.

“ஏம்மா, கையாலயா தள்ளுறீங்க?”

“கம்பும் இருக்கு சார். கம்பு போயி மாட்டிக்கிட்டா மிஷினு கெட்டுப்போகும்னு மொதலாளி வைவாக. கையின்னா நம்ம கைதான, யாரும் வையமாட்டாக.”

கீழே இருந்தவர் சட்டியை நீட்டியபடியே சொன்னார்: “மதினிக்குக் கையி ரெண்டு இருக்கு சார். மில்லுக்குக் கம்பு ஒன்னுதான்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிறுத்தும் ஸ்விட்ச் எங்கே என்று தேடினேன். மேடையிலிருந்து இறங்கி, மூட்டை அடுக்கைச் சுற்றிக்கொண்டு போனால் பின்சுவரில் இருந்தது. அடியெடுத்து வைத்து எண்ணினேன், பதினொன்று. திருகு அத்தனை நேரம் காத்திருக்காது.

அங்கே நின்றபடியே ஒரு தந்திரம் செய்தேன். தந்திரம் என்றுதான் அன்று நினைத்தேன். அவருக்கு வேண்டியது சட்டை. வாயின் மேல் போடும் கம்பிச் சல்லடையும் சட்டையில் சேர்ந்ததுதான், நிறுத்தும் பட்டனும் சட்டையில் தைக்கிற பொத்தான்தான் என்று ஆக்கிவிட்டால் போயிற்று. பாதுகாப்பு என்ற சொல்லை வாயில் எடுக்காமல் அந்தப் பெண்ணின் கையைக் காப்பாற்றிவிடலாம். முதலாளியிடம், “வெளிநாட்டு மிஷின் எல்லாத்துலயும் இதெல்லாம் இருக்கும்” என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. சட்டம் என்று சொல்லி நான் சாதிக்காததை ஃபாரின் என்று சொல்லிச் சாதித்தேன்.

படம் வரைய மூன்று வாரம் ஆனது. உப்பு தின்னாத எவர்சில்வர் தகடு, தண்ணீர் தேங்காத சரிவு, துரு பிடித்தால் ஒரு தகட்டை மட்டும் கழற்றி மாற்றும் வசதி. அதிலெல்லாம் இன்றைக்கும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. வாயின் மேல் கம்பிச் சல்லடை. இடைவெளியில் உப்பு விழும், கை நுழையாது. முகப்பில் என்ன வைப்பது என்பதில்தான் சண்டை. முதலாளிக்கு அம்மன் படம் வேண்டும், மில்லின் பெயர் வேண்டும், அவருடைய அய்யாவின் போட்டோவும் வேண்டும்.

“மொகத்துல ஒன்னுமில்லாம மொட்டையா இருந்தா எப்படி சார்? மிஷினுக்கு மொகம்னு ஒன்னு வேணும்ல?”

முகப்பின் நடுவில் நிறுத்தும் பட்டன் இருக்கும், வேறொன்றும் இருக்காது என்றேன். மேடையில் நிற்பவருக்கு அது தொடையருகே, கையைத் தாழ்த்தித் தட்டும் தூரத்தில். கீழே நிற்பவருக்கு நேர் கண்ணெதிரே. எந்தக் கையாலும் அடிக்கலாம். பட்டன் சிவப்பு, சுற்றிலும் வட்டமாக மஞ்சள். அந்த நிறங்கள் என் விருப்பமில்லை, தர நிர்ணயம் அப்படித்தான் சொல்கிறது. உலகம் முழுக்க அப்படித்தான். சிவப்பைப் பார்த்தால் மனிதனுக்கு ஆபத்து என்று தோன்றுமாம், மஞ்சள் அதை எடுத்துக் காட்டுமாம். இதை எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று நான் என்றைக்கும் யோசித்ததில்லை.

முதலாளி வரைபடத்தைக் கையில் வாங்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

“அடடா! மஞ்சளப் பூசி நடுவுல குங்குமம் வச்ச மாதிரியே இருக்கே சார்! இது போதும், படமெல்லாம் வேணாம். லட்சுமி வந்து உக்காந்த மாதிரி இருக்கு.”

நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு முட்டாள்கூட அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் படித்தவன், விதி தெரிந்தவன். அவருடைய மூடநம்பிக்கையும் என்னுடைய தர நிர்ணயமும் ஒரே புள்ளியில் வந்து நின்றதை என் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

தகடுகளைப் பட்டறையில் செய்து, கொண்டுவந்து மாட்டி முடித்த அன்று பூஜை. முதலாளியின் மனைவி பட்டனைச் சுற்றி மெய்யாகவே மஞ்சளைக் குழைத்துப் பூசினார், சிவப்பின் மேல் குங்குமம் வைத்தார். பூச்சரம் மாட்டுவதற்கு வசதியாக அதற்கு மேலே சின்னதாக ஒரு கொக்கியை முதலாளி வெல்டிங் செய்து வைத்திருந்தார். “எப்படி சார் இருக்கு?” என்றார். “நல்லா இருக்கு” என்றேன். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அந்த இரண்டு பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

பிறகு பயிற்சி. நடைமுறையை விட்டுவிடுவேனா? தொழிலாளர்களை வரிசையாக நிற்கவைத்து, சிவப்புப் பட்டனை அமுக்கினால் இயந்திரம் நின்றுவிடும், எது நடந்தாலும் முதலில் அதை அடியுங்கள் என்று எடுத்துச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரையாவது அமுக்கிப் பார்க்க வைத்தேனா? இல்லை. அப்போதுதான் பூஜை முடிந்து இயந்திரத்தை ஓட்டிவிட்டிருந்தார்கள். “நல்ல நேரத்துல ஓட ஆரம்பிச்சிருக்கு, இப்பப் போயி நிறுத்த வேணாம் சார்” என்றார் முதலாளி. சரியென்றேன். பயிற்சி பெற்றதாக ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டேன். தாளில் ஒரு கட்டம்கூட காலியாக இல்லை.

கம்பெனி ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். முதலாளி எனக்கு போன் செய்து வாழ்த்துச் சொன்னார். நான் ஒரு வாரம் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆறேழு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரே மறுபடியும் போன் செய்தார். மேடையில் நின்ற அந்தப் பெண்ணின் வலது கை திருகில் சிக்கிவிட்டது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டிருந்தார்கள். நடுவிரலும் மோதிர விரலும் மேல் கணுவோடு போய்விட்டன. கம்பெனி ஆட்கள் வருகிறார்கள் என்று மில்லில் கொடுத்திருந்த கையுறை கிழிந்து வந்துவிட்டதால் மற்ற விரல்கள் தப்பின என்றார் டாக்டர். கட்டிலில் அந்த அம்மா கண்ணை மூடிக் கிடந்தார். நாத்தனார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய சட்டையெல்லாம் உப்பும் ரத்தமும்.

எனக்கு வந்த கோபத்தில் அது ஆஸ்பத்திரி என்பதே மறந்துவிட்டது.

“அவ்வளவு சொன்னேனேம்மா! கண்ணுக்கு முன்னாலதான அந்தப் பட்டன் இருக்கு? ஒரு தட்டு தட்டியிருந்தா நின்னுருக்குமே!”

“நான் ஓடிப்போயி சொவத்துல அமத்துனேன் சார்” என்றார் நாத்தனார்.

“சுவத்துக்கு எதுக்கு ஓடுனீங்க? பட்டனத் தாண்டித்தான ஓடுனீங்க?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அழுகை நின்றுவிட்டது. என்னைவிடப் பெரிய கோபம் அவரிடம் இருந்தது.

“நெத்தியில போயி யாராச்சும் ஓங்கி அடிப்பாகளா சார்? நீங்க அடிப்பீகளா? வெள்ளிக்கெழம, மொதலாளியம்மா வந்து குங்குமம் வச்சு, பூப் போட்டு, சூடங் காட்டிட்டு அப்பத்தான் போனாக. அதுல போயி நான் குத்தவா?”

“அது சாமி இல்லம்மா. ஸ்விட்ச்.”

“ஸ்விட்சுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னது ஞாபகத்துல இருக்கு சார். எல்லாம் இருக்கு. கை போகல.”

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “அவள வையாதீக சார். எனக்கு இடது கையி சும்மாத்தான் இருந்துச்சு. நானும் பொட்டப் பாத்தேன். எனக்கும் போகல.”

எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. தெரியும், ஞாபகம் இருந்தது, கை போகவில்லை. பட்டனை அந்த இடத்தில் வைத்தவன் நான். குங்குமம் என்று முதலாளி சொன்னபோது சிரித்தவன் நான், கும்பிட்டவன் நான். அந்த இரண்டு பேரையும் ஒரே ஒரு தடவை அதை அமுக்கவைத்திருந்தால் கை அன்றைக்கே பழகியிருக்கும்.

இன்னொன்றும் கேட்டேன். சல்லடை இருக்கும்போது கை எப்படி உள்ளே போனது?

“சல்லடையா? நடுவுல ரெண்டு கம்பிய வெட்டி எடுத்துட்டாகளே. உப்பு சீக்கிரம் விழலன்னு.”

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மில்லுக்குப் போனேன். மேடையில் ஏறிப் பார்த்தேன். கேஸ் கட்டிங் வைத்து இரண்டு கம்பிகளை அறுத்திருந்தார்கள், சுத்தமான வேலை. கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, போட்டோவில் நிச்சயம் தெரியாது. இயந்திரத்தைக் கழுவி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முகப்பில் காலையில் போட்ட பூ வாடாமல் இருந்தது.

“யாரைக் கேட்டு வெட்டுனீங்க?”

“மேலதான சார் வெட்டுனோம். வெளிய தெரியாது. உங்க டிசைனு அப்படியேதான் இருக்கு” என்றார் முதலாளி. அதை ஒரு ஆறுதலாகவே சொன்னார்.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார். விபத்து விசாரணைக்கு அதிகாரி வருவார், அதற்குமுன் என்னிடமிருந்து ஓர் அறிக்கை வேண்டும். அவர் கேட்டது எனக்குப் புதிதே இல்லை.

“பயிற்சி குடுத்த பேப்பர் இருக்குல்ல சார்? அந்தம்மா கைநாட்டும் அதுல இருக்கு. நிறுத்துற பட்டனும் கைக்கு எட்டுற தூரத்துல இருந்திருக்கு. தொழிலாளியின் கவனக்குறைவுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அந்த வரியைப் பணிக்காலத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. பட்டன் இருந்தது, பயிற்சி இருந்தது, கையெழுத்து இருந்தது, ஆகவே கவனக்குறைவு. அந்த வரிக்குக் கீழே கிடந்த கைகளில் ஒன்றிடமாவது போய், ஏன் நீ அதை அமுக்கவில்லை என்று நான் கேட்டதுண்டா? கேட்க வேண்டும் என்று நடைமுறையில் இல்லை.

“எழுதுறேன்” என்றேன். அவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே எழுதினேன். சல்லடைக் கம்பிகள் முதலாளியின் உத்தரவால் வெட்டப்பட்டன. நிறுத்தும் பட்டன் வழிபாட்டுப் பொருளாகத் தோன்றும் இடத்திலும் தோற்றத்திலும் வைக்கப்பட்டது, அந்த வடிவமைப்பு என்னுடையது. பயிற்சியில் ஒருவரும் பட்டனை அமுக்கிப் பார்க்கவில்லை, அந்தப் பயிற்சியை அளித்தவனும் நானே. தொழிலாளியிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. மூன்று படிகள் எடுத்து ஒன்றை விசாரணை அதிகாரிக்கும் ஒன்றை முதலாளிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

போனில் அவர் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். “உங்க பேர நீங்களே கெடுத்துக்கிறீகளே சார்! மூளை கீளை கொழம்பிருச்சா?”

“எல்லாரும் பட்டனத் தாண்டி ஓடுற மாதிரி ஒரு மிஷினுக்குச் சட்டை தைச்சவனுக்கு எந்தப் பேரு இருந்தா என்ன?” என்றேன். “இன்னைக்கு அந்த மேடையில யாரு நிக்கிறா?”

அவர் போனை வைத்துவிட்டார். எனக்குத் தெரியும். நாத்தனார்தான். மதினிக்கு வேலை இல்லாத நிலையில் வேனில் வராமல் இருக்க அந்த வீட்டில் யாருக்கும் வசதியில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி அறிக்கையை என் எதிரிலேயே இரண்டு தடவை படித்துவிட்டு, சல்லடையைச் சரிசெய்யும்வரை, நிறுத்த வேறு வழி செய்யும்வரை இயந்திரம் ஓடக்கூடாது என்று எழுதினார். முதலாளி வேறு வழியில்லாமல் என்னையே கூப்பிட்டார். நான் ஒரு நிபந்தனை போட்டேன். இந்தத் தடவை படத்தை நான் வரையமாட்டேன்.

மேடையின் பக்கத்தில் நின்று நாத்தனாரிடம் கேட்டேன். கை மாட்டிக்கொண்டால், யோசிக்காமல் உங்கள் கை எங்கே போகும்?

“எங்கன போகும்... எதையாச்சும் பிடிச்சு இழுக்கத்தான் போகும். அன்னைக்கு மதினி என் சட்டையத்தான் பிடிச்சு இழுத்தாக.”

இழுத்தால் நிற்கும் கயிறு. பெரிய ஆலைகளில் கன்வேயர் பெல்ட் நெடுக அப்படி ஒன்று ஓடும். எத்தனையோ இடத்தில் அதைச் சோதித்து டிக் அடித்திருக்கிறேன். தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் முகப்பு அழகாக இருந்தது. மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் நெஞ்சளவில் கயிற்றைக் கட்டி ஸ்விட்சோடு இணைத்தோம். கம்பிகளை மறுபடி பற்றவைத்தார்கள். கொக்கியை நானே ரம்பத்தால் அறுத்தேன், பட்டனைக் கழற்றிப் பக்கத் தகட்டில் மாட்டச் சொன்னேன். பளிச்சென்ற தகட்டின் முன்னால் ஒரு கயிறு தொங்குவது முதலாளி கண்ணில் முள்ளாகக் குத்தியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும் நாளன்று காலை வேனிலிருந்து நாத்தனாரோடு அந்த அம்மாவும் இறங்கினார். கட்டுப் பிரிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

“ஒனக்கு இன்னம் சரியாகலையே தாயி, எதுக்கு வந்த?” என்றார் முதலாளி.

“வேலைக்கு வரல. நான் இழுத்துப் பாக்காம இவள அங்கன நிக்க விடமாட்டேன்.”

மேடையில் ஏறினார். இயந்திரத்தை ஓட்டினார்கள். அவர் இடது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தார். திருகு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “திருப்பி ஓட்டச் சொல்லுங்க” என்றார். ஓட்டினார்கள். மேடையின் அந்தப் பக்கம் போய் முழங்கையால் இழுத்தார். நின்றது. நாத்தனாரைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். “இப்ப இழு.” நின்றது. “பின்னால திரும்பிக்கிட்டு இழு.” நின்றது.

“நல்லாத்தான் தாயி நிக்கிது, போதும்ல? வேல கெடுதுல்ல” என்றார் முதலாளி.

என் பையில் இருந்த சோதனைப் படிவத்தில் ஒரு முறை நிறுத்திப் பார்த்தால் போதும் என்றுதான் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

அந்த அம்மா முதலாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாத்தனாரின் வலது கையைத் தன் இடது கையால் பிடித்து சல்லடைக் கம்பியின் மேல் வைத்து, “இங்கன இருக்குறப்ப இழு” என்றார். என்னிடம் திரும்பி, “இன்னொருக்கா ஓட்டச் சொல்லுங்க சார்” என்றார்.